அறை வெப்பநிலை என்றால் எந்த அறை?

கேக் செய்முறைகளில் முதல் வரியே பெரும்பாலும் இதுதான்: வெண்ணெயும் முட்டையும் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். எந்த அறை, எந்த மாதம், எந்த ஊர் என்று யாரும் சொல்வதில்லை. அந்த வரி பிறந்த சமையலறைகள் குளிர்நாட்டுச் சமையலறைகள். அங்கே மேசைமேல் வைத்த வெண்ணெய் இரண்டு மணி நேரத்தில் 18லிருந்து 20 டிகிரிக்கு வந்து அதோடு நின்றுவிடும். மே மாதம், சென்னை, ஏ.சி. இல்லாத சமையலறை, மதியம் என்றால் அறை 34 டிகிரி. வெண்ணெய் முழுக்க உருகுவது 32க்கும் 35க்கும் நடுவில். ஆக, இங்கே அந்த வரியை அப்படியே கடைப்பிடிப்பவர் வெண்ணெயை உருக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.

எனக்கு நெடுநாளாக உறுத்துவது அதற்குப் பிறகு நடப்பதுதான். கிரீம் வழிகிறது, அடுக்கு சரிகிறது, படத்தில் பார்த்த நேர்ச்சுவர் வரவில்லை. செய்தவர் தன் கைமேல் பழி போட்டுக்கொள்கிறார். கிரீம் பிழியும் நாசில் செட் புதிதாக வாங்குகிறார், கேக்கை வைத்துச் சுழற்றும் விலை கூடிய டர்ன்டேபிள் வாங்குகிறார், வெண்ணெய் பிராண்டை மாற்றுகிறார். வாங்க வேண்டியிருந்தது குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றைத்தான். படத்துக்கு நிற்கும் அடுக்குக் கேக்கில் நம் கண் தேடுவது மூன்று: நேரான சுவர், கூரான மேல்விளிம்பு, வெட்டினால் தெரியும் ஒரே தடிமனான வரிகள். மூன்றையும் தாங்கி நிற்பது ஒரே பொருள், பாதி கெட்டியாகவும் பாதி இளகியும் இருக்கும் கொழுப்பு. வெண்ணெய் அந்த நிலையில் இருப்பது 18 முதல் 22 டிகிரி வரைதான். 25ஐத் தாண்டினால் காற்றைப் பிடித்து வைக்கும் வலு குறைகிறது. 30இல் மேலே எண்ணெய் மினுங்கும். அதன்பின் எவ்வளவு அடித்தாலும் நுரைக்காது.

அடுக்குக் கேக்குகளின் மூத்த வடிவங்களில் ஒன்று விக்டோரியா ஸ்பாஞ்ச். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, மாவு நான்கும் சம எடை. இரண்டு தட்டுக்கு நடுவில் ஜாம். 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடரைச் செய்து காட்டிய பிறகுதான் அந்தச் சம எடைக் கேக் இன்றைய உயரத்துக்கு எழும்ப வழி பிறந்தது. அந்த ஊரின் கோடைப் பகல் நம் மார்கழி விடியலுக்கு நிகர். சென்னையின் ஜனவரி அதிகாலையும் ஏறக்குறைய 21 டிகிரிதான். அந்தச் சில வாரங்களில், காலை ஆறு மணிக்கு மட்டும், செய்முறைப் புத்தகம் நமக்கும் பொருந்தும். மற்ற நாட்களுக்கு நம் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்பாஞ்ச்: முட்டை குளிர்ச்சியாகவே இருக்கட்டும்

ஆறு இஞ்ச் டின் மூன்று. வீட்டில் செய்ய இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை என்பேன். எட்டு இஞ்ச் கேக் படத்தில் தட்டையாகத் தெரியும். ஆறு இஞ்சில் மூன்று அடுக்கு வைத்தால் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். உடைத்த முட்டை 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200, பொடித்த சர்க்கரை 200, மைதா 175, சோளமாவு (வெள்ளை கார்ன்ஃப்ளோர்) 25, பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் 30 மில்லி, வெனிலா ஒரு டீஸ்பூன். முட்டையை எண்ணிக்கையில் சொல்லாமல் எடையில் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்கச் செய்முறையில் ஒரு முட்டை என்றால் ஓடில்லாமல் 50 கிராம். நம் கடை முட்டை பல நேரம் 42, 45தான் வரும். நான்கு முட்டையில் ஏறக்குறைய அரை முட்டை குறைந்துபோகும்; கேக் வறண்டு உதிரும். சோளமாவைச் சேர்ப்பது மைதாவின் பசைத்தன்மையைக் குறைக்க. அது இல்லாமலும் கேக் வரும், ஆனால் வெட்டுமுகம் அவ்வளவு நயமாக இருக்காது.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சுண்டு விரல் நுனி அளவு துண்டுகளாக நறுக்கிப் பரப்பி வைத்தால், மே மாதத்தில் பத்து நிமிடம் போதும், டிசம்பரில் இருபத்தைந்து. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. தெர்மாமீட்டரில் 17, 18 காட்டும்போதே அடிக்கத் தொடங்கிவிடலாம்; அடிக்கும் கருவியான பீட்டர் சுழலும் உராய்வே இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடும். சர்க்கரையோடு சேர்த்து ஐந்து நிமிடம், நிறம் நன்றாக வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். அடுத்தது முட்டை. இங்கே புத்தகத்துக்கு நேர் எதிராகச் செய்ய வேண்டியிருக்கிறது. மேசைமேல் கிடந்த முட்டை 33 டிகிரியில் இருக்கும். 20 டிகிரி வெண்ணெயில் அதை ஊற்றினால் நுரை அப்படியே அமுங்கிப்போகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து பத்துப் பதினைந்து நிமிடமே ஆன முட்டையை லேசாக அடித்து, ஐந்தாறு தவணையாக ஊற்ற வேண்டும். ஒரு தவணை முழுக்கக் கலந்த பிறகே அடுத்தது. கடைசித் தவணையில் கொஞ்சம் திரிந்ததுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதாவைத் தூவினால் சேர்ந்துகொள்ளும். சலித்த மாவைப் போட்ட பிறகு பீட்டர் வேண்டாம், கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும்.

டின்னுக்கு 270 கிராம் வீதம் தராசில் வைத்து ஊற்றுங்கள். கண் அளவில் ஊற்றினால் ஒரு அடுக்கு ஒல்லி, ஒரு அடுக்கு தடி என்று வரும். வெட்டுமுகத்தில் முதலில் உறுத்துவது அதுதான். ஓ.டி.ஜி. என்னும் சிறு மின்அடுப்பில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 160 டிகிரி. 180இல் வைத்தால் டின்னின் ஓரம் சீக்கிரம் வெந்து இறுகிவிடும். நடுவில் இருக்கும் மாவு எழும்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கூம்பாக முட்டி, மேலே வெடிப்பும் விழுகிறது. பழைய பருத்தித் துணியை நான்கு மடிப்பாக்கி, நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஓரம் வேகும் வேகம் குறைந்து கேக் தட்டையாக எழும்பும். துணி எரியும் கம்பியைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.ஜி.யின் திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 20 டிகிரி கூடக் குறைய இருப்பது சாதாரணம், உள்ளே தொங்கவிடும் அடுப்பு தெர்மாமீட்டர் சொல்வதே கணக்கு. மூன்று டின்னும் ஒரே தட்டில் நிற்கவில்லையென்றால் மூன்றாவதை ஃப்ரிட்ஜில் வையுங்கள், அரை மணி நேரம் தாங்கும். 28 நிமிடத்தில் குச்சி குத்திப் பாருங்கள். ஆறியதும் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையால் இறுகச் சுற்றி, அன்றிரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டுவிட வேண்டும். புதிதாக வெந்த ஸ்பாஞ்சை அன்றே வெட்டினால் உதிரும். மறுநாள் குளிர்ந்து இறுகியதை ரம்பக் கத்தியால் மேல்முகட்டைச் சீவினால் பலகைபோல் வரும்.

வெண்ணெய் சேரும் அந்த ஐந்து நிமிடம்

ஐசிங் சுகரையும் வெண்ணெயையும் மட்டும் அடித்துச் செய்யும் பட்டர்கிரீம் சுலபம், ஆனால் ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு சர்க்கரை என்பதால் இனிப்பு தொண்டையைப் பிடிக்கும். பூச்சும் சிறு துளைகளோடு நிற்கும். வழவழப்பான சுவர் வேண்டுமென்றால் முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு சூடாக்கி, மெரிங் என்னும் நுரையாக அடித்துச் செய்யும் சுவிஸ் மெரிங் பட்டர்கிரீமுக்கு ஈடு வேறில்லை. வெள்ளைக்கரு 125 கிராம் (நம் முட்டையில் நான்கு, சில நேரம் ஐந்து), சர்க்கரை 250, உப்பில்லாத வெண்ணெய் 325. உப்பு போட்ட மஞ்சள் கட்டி இதற்கு ஆகாது. அதில் உப்பும் உண்டு, அன்னாட்டோ நிறமும் உண்டு. வீட்டில் கடைந்த வெண்ணெயில் நீர் கூடுதல், அது மெரிங்கோடு சேராமல் பிரியும்.

வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துக் கிளறிக்கொண்டே 71 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். கிருமி பயம் தீரவும், சர்க்கரை முழுக்கக் கரையவும் அந்தச் சூடு தேவை. இரு விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. பிறகு இறக்கி அடிக்க வேண்டும், பத்து நிமிடம், பளபளவென்று கொக்கிபோல் நிற்கும்வரை. இதுவரை யாருக்கும் தவறுவதில்லை.

அடுத்த வரியில்தான் எல்லாம் மாறுகிறது. மெரிங் அறை வெப்பநிலைக்கு ஆறும்வரை அடிக்கவும், பிறகு அறை வெப்பநிலை வெண்ணெயைச் சேர்க்கவும் என்கிறது செய்முறை. மே மாதச் சமையலறையில் நீங்கள் ஒரு மணி நேரம் அடித்தாலும் அந்த மெரிங் 34க்குக் கீழே வராது. அறையே 34 அல்லவா? அதில் 30 டிகிரி வெண்ணெயைப் போட்டால் மோர்போல ஓடும் ஒரு திரவம் கிடைக்கும். இந்த இடத்தில் பலர் பயந்து ஐசிங் சுகரை அள்ளிப் போடுகிறார்கள். கெட்டியாகாது, இனிப்புதான் கூடும். சர்க்கரையால் ஆகிற காரியமில்லை இது. கொழுப்பு திரவமாகிவிட்டது, அதைத் திரும்பக் குளிரவைத்தால்தான் இறுகும்.

இதைச் சராசரிக் கணக்காகப் பார்த்தால் பிடி கிடைத்துவிடும். மெரிங் 375 கிராம், வெண்ணெய் 325 கிராம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஆகவே இரண்டும் கலந்தபின் வரும் சூடு இரண்டின் நடுவில் எங்கோ நிற்கும். நமக்கு வேண்டியது 22, 23. மெரிங் இருக்கும் கிண்ணத்தை ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்தி அடித்து 30க்குக் கொண்டுவந்து, வெண்ணெயை 13, 14 டிகிரியில் சேர்த்தால் சராசரி 22. அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடமே ஆன வெண்ணெய், மெல்லிய சீவல்களாக. புத்தகம் கேட்கும் இளகிய வெண்ணெய் இங்கே தேவையே இல்லை. மெரிங்கில் மிச்சமிருக்கும் சூடே அதை இளக்கிவிடும். ஏ.சி. ஓடும் 24 டிகிரி அறை என்றால் மெரிங் 25க்கு வரும், வெண்ணெய் 18, 19இல் இருக்கலாம். எண்கள் எப்படி மாறினாலும் கூட்டிப் பாதியாக்கினால் 22 வர வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு கணக்கு கைவசமானால் சித்திரையிலும் பட்டர்கிரீம் செய்யலாம்.

ஒவ்வொரு சீவலாகப் போட்டுக்கொண்டே வரும்போது, முக்கால்வாசி வெண்ணெய் உள்ளே போனபின், கலவை திடீரென்று திரிந்த பால்போல ஆகும். குப்பையில் கொட்டப்படும் பட்டர்கிரீமில் பெரும்பகுதி இந்த நிமிடத்தில்தான் கொட்டப்படுகிறது. கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்து, உள்ளே கட்டி கட்டியாக நீர் பிரிந்தால் குளிர்ச்சி அதிகம். அடிப்பதை நிறுத்தாதீர்கள், மூன்று நான்கு நிமிடத்தில் தானே சேரும். சேரவில்லையென்றால் நான்கு கரண்டி எடுத்து உருக்கித் திரும்ப ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். கிண்ணம் வெதுவெதுப்பாக இருந்து, கலவை மினுமினுப்பாக ஓடினால் சூடு அதிகம். கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம் வைத்து, ஓரத்தில் இறுகியதைச் சுரண்டி உள்ளே தள்ளி மறுபடி அடியுங்கள். கடைசியாக, பீட்டரை மிகக் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கரண்டியால் கிண்ணத்தின் சுவரோடு அழுத்தித் தேய்த்தால் காற்றுக் குமிழிகள் உடையும். வழவழப்பு வருவது அந்தத் தேய்ப்பில்தான்.

நிறம் சேர்ப்பதென்றால் ஜெல் நிறம். திரவ நிறம் கலவையைத் திரிக்கும். நிறம் நேரம் ஆக ஆகக் கூடும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாக நிறுத்துங்கள். தூய வெள்ளை வேண்டுமென்றால் குச்சி நுனியில் தொட்ட ஊதா போதும், வெண்ணெயின் மஞ்சள் சாயல் மறைந்துவிடும்.

அடுக்குவதும் பூசுவதும்

அடுக்குக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரைப் பாகு, சம அளவு தண்ணீரும் சர்க்கரையும் கொதித்து ஆறியது. கடைக் கேக்கின் ஈரத்தைக் கொண்டுவர நினைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினால் கீழ் அடுக்கு மேல் பாரத்தில் நசுங்கும். இரண்டு அடுக்குக்கு நடுவே நூறு கிராம் கிரீம், அதையும் தராசில் வைத்தே. பழக்கூழ் வைப்பதானால் ஓரத்தைச் சுற்றி ஒரு விரல் தடிமனில் கெட்டியான கிரீமால் வரப்பு கட்டி, உள்ளே பாத்தியில் நீர் கட்டுவதுபோல் கூழை நிரப்புங்கள். வரப்பின் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கட்டும். அன்னாசியைப் பச்சையாக வைக்காதீர்கள். அதிலுள்ள புரோமெலைன் ஜெலட்டினை இறுகவிடாது, பால் கிரீமைக் கசக்கவைக்கும். சர்க்கரையோடு கொதிக்கவிட்டால் அந்த நொதி செத்துவிடும்.

பூசி முடித்த மறுநாள் கேக்கின் இடுப்பில் ஒரு வளையம் பிதுங்கி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிய காற்றும், மெல்ல அமரும் ஸ்பாஞ்சின் எடையும் சேர்ந்து செய்வது அது. அடுக்கியதும் பிளாஸ்டிக் உறை சுற்றி, மேலே ஒரு கேக் போர்டும் அரைக்கிலோ பருப்புப் பொட்டலமும் வைத்து, ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் விட்டால் அமர வேண்டியதெல்லாம் பூசுவதற்கு முன்பே அமர்ந்துவிடும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இந்தக் காத்திருப்புதான், தயவுசெய்து கைவிடாதீர்கள்.

பிறகு துகள்களை ஒட்டவைக்கும் மெல்லிய முதல் பூச்சு, கிரம்ப் கோட். ஸ்பாஞ்ச் மங்கலாகத் தெரியும் அளவு போதும். முப்பது நிமிடம் ஃப்ரிட்ஜ். தொட்டால் விரலில் ஒட்டாதபோது இரண்டாம் பூச்சு, தாராளமாக, முந்நூறு கிராம். மேற்பரப்பை முதலில் சமன் செய்து, பக்கங்களில் அப்பி, உலோக ஸ்கிரேப்பரின் அடியை டர்ன்டேபிளில் ஊன்றி அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மேசையைச் சுழற்றுங்கள். சுழல வேண்டியது கேக், கை அல்ல. பள்ளம் தெரியும் இடத்தில் கிரீம் வைத்து மறுபடி ஒரு சுற்று. மேல் ஓரத்தில் கிரீம் மதில்போல் எழும்பி நிற்கும். அதை உடனே தொடாமல் பத்து நிமிடம் குளிரவிட்டு, கத்தியை வெளியிலிருந்து நடுநோக்கி இழுத்து வழித்தால் கூரான விளிம்பு. கடைசிச் சுற்றுக்கு ஸ்கிரேப்பரை வெந்நீரில் முக்கி, ஈரம் போகத் துடைத்து ஒருமுறை மட்டும் ஓட்டுங்கள். இத்தனையும் செய்யும்போது கிரீம் மினுங்கத் தொடங்கினால் கையை எடுத்துவிட்டுக் கேக்கை உள்ளே வையுங்கள். மேற்கொண்டு ஒவ்வொரு தடவலும் அதைக் கெடுக்கும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: ஏ.சி. இல்லாத மண்டபத்துக்கோ, மொட்டைமாடி விருந்துக்கோ பட்டர்கிரீம் கேக்கை அனுப்பாதீர்கள். எந்தத் திறமையும் வெண்ணெயின் உருகுநிலையை மாற்றாது. அப்படிப்பட்ட இடத்துக்குச் சாக்லேட் கனாஷ் பூசலாம். 600 கிராம் டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு 25 சதவீதக் கொழுப்புள்ள சாதா ஃப்ரெஷ் கிரீம் 200 மில்லி. இரண்டையும் உருக்கிக் கலந்து இரவு முழுக்க மூடி வைத்தால் உளுந்து வடைக்கு அரைத்த மாவுப் பதத்துக்கு வரும், பூசினால் ஓடுபோல் இறுகும். அதே ஃப்ரெஷ் கிரீமை அடித்து நுரையாக்க முயல வேண்டாம். கொழுப்பு முப்பது சதவீதத்துக்குக் குறைந்தால் நிற்காது. பேக்கரிகள் தாவரக் கொழுப்பில் செய்த கிரீமைப் பூசுவதும் இந்த வெயிலுக்காகத்தான். அதைச் சுவைக்காகக் குறை சொல்லலாம், அறிவுக்காகக் குறை சொல்ல முடியாது.

ஃப்ரிட்ஜுக்கு வெளியே

படம் எடுக்கும் நேரத்தில் எதிரி ஈரம். அறை 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஐந்து டிகிரிக் கேக் வெளியே வந்த இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிடும். ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் பிசைவில் செய்த பொம்மைகள் பிசுபிசுக்கும், சிவப்பு நிறம் வெள்ளைச் சுவரில் வழியும். ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்பே போட்டு அறையை உலரவிட்டு, கேக்கை அட்டைப் பெட்டிக்குள் மூடியபடியே வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வைத்தால் நீர் பெரும்பாலும் பெட்டியின் வெளிப்புறத்தோடு நிற்கும். வியர்த்துவிட்டாலும் துடைக்க வேண்டாம், உலர்ந்த அறையில் தானே போகும். துடைத்தால் தடம் விழும்.

சன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, குழல்விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். இரண்டு ஒளி கலந்தால் வெள்ளைக் கிரீமின் ஒரு பக்கம் மஞ்சளாகும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். கைபேசியைக் கேக்கின் மட்டத்துக்கு இறக்கி, ஆறடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். கிட்டப்போய் மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து அடி சிறுத்துத் தெரியும், பாடுபட்டு வந்த நேர்ச்சுவர் படத்தில் சாய்ந்துவிடும். துண்டு வெட்டுவதைக் குளிர்ச்சி போகுமுன் செய்யுங்கள்: நீளக் கத்தி, வெந்நீர், துடைப்பு, ஒரே அழுத்தம், ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி வெந்நீர், மறுபடி துடைப்பு.

வெட்டியதும் பரிமாறிவிடாதீர்கள். ஐந்து டிகிரியில் பட்டர்கிரீம் வாயில் வெண்ணெய்க் கட்டிபோல் இருக்கும், ஸ்பாஞ்சும் கல்லாக இருக்கும். பரிமாறுமுன் இரண்டு மணி நேரம் அறை வெப்பநிலையில் வைக்கவும் என்று இந்த இடத்திலும் செய்முறையில் எழுதியிருக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு வெட்டிய துண்டென்றால் பதினைந்து நிமிடம், முழுக் கேக் என்றால் அரை மணி நேரம்.